பழைய டவுன்ஹவுஸில் எந்தத் தளத்தை வாடகைக்கு எடுப்பது?

இருநூறு வருஷத்து டவுன்ஹவுஸில், அதாவது நகரத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய பல மாடி வீட்டில், இடம் காலி என்றதும் எல்லோரும் முகப்பைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். முகப்பு எல்லாத் தளத்துக்கும் பொதுதான். உள்ளே அப்படியில்லை. லண்டனின் பதினெட்டாம் நூற்றாண்டு வரிசை வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தரைக்குக் கீழே சமையல்கட்டு, தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை, முதல் மாடியில் விருந்தினர் கூடம், இரண்டாம் மாடியில் படுக்கையறைகள், கூரைக்கடியில் வேலைக்காரர்கள். ஒரே குடும்பத்துக்காகக் கட்டிய அந்த வீட்டைத் தளம் தளமாகப் பிரித்து விடும்போது, எஜமானுக்கு ஒரு அளவு, வேலைக்காரருக்கு ஒரு அளவு என்று வைத்த கணக்கும் கூடவே வந்துவிடுகிறது.

முதல் மாடிக்குத்தான் போட்டி அதிகம், வாடகையும் அதிகம். உயரமான கூரை, ஆளுயரத்தை மிஞ்சும் ஜன்னல்கள், ஓரமெல்லாம் காரைப் பூவேலை. வாழ்வதற்கென்று இல்லை, காட்டுவதற்கென்று கட்டிய இடம். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் சூடு முழுக்க உச்சியில் போய்த் தங்கும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் மிச்சத்தையும் வெளியே விடும். இரட்டைக் கண்ணாடி போடச் சொல்லலாமே என்றால், இங்கிலாந்தில் பாரம்பரியப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை அனுமதியில்லாமல் மாற்றுவது கிரிமினல் குற்றம். உள்பக்கம் தனியாக ஒரு கண்ணாடிச் சட்டம் பொருத்தியிருக்கிறார்களா, ஜன்னலின் பழைய உள் மரக்கதவுகள் இன்னும் மூடுகின்றனவா என்று பாருங்கள். இன்னொன்று: கூரையோரப் பூவேலை பாதியில் ஒரு சுவருக்குள் புகுந்து காணாமல் போனால், அந்தச் சுவர் பின்னால் எழுப்பிய தடுப்பு. ஒரு கூடத்தை இரண்டாக வெட்டி உங்களுக்கு இரண்டு அறை என்று விற்கிறார்கள்.

தரைக்குக் கீழே உள்ள கீழ்த்தளத்தில் கோடையில் குளிர்ச்சி, பல வீடுகளில் தனி வாசல். கேள்வி ஓதம் ஒன்றுதான். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை இழுக்கும், பிறகு காற்றில் விட்டு உலரும். அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். ஆகவே கீழ்த்தளத்தில் புத்தம் புதிதாக வெள்ளையடித்த சுவரைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள். மழை நாளில் போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது.

கூரைக்கடி அறை மலிவு, வெளிச்சம், ஆகாயம். லிஃப்ட் இல்லாத காலத்தில் உயரே போகப் போக மதிப்பு இறங்கியது. ஓட்டிஸ் நிறுவனத்தின் முதல் பயணிகள் லிஃப்ட் நியூயார்க் கடை ஒன்றில் ஓடியதே 1857-இல்தான். பழைய டவுன்ஹவுஸ் பலவற்றில் இன்றும் படிதான். அதுவும் மேலே போகப் போகக் குறுகும். கோடையில் ஓடு காய்ந்து அறை அடுப்பாகிவிடும். சாய்வுக் கூரை என்பதால் சதுர அடிக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். பிரான்ஸில் வாடகைக்கு விடும் வீட்டில் ஒரு முக்கிய அறையாவது 9 சதுர மீட்டர் பரப்பும் 2.20 மீட்டர் உயரமும், அல்லது 20 கன மீட்டர் கொள்ளளவும் கொண்டிருக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். டேப்பை எடுத்துப் போய், தலை இடிக்காமல் நிற்கக்கூடிய இடத்தை மட்டும் அளந்து பாருங்கள்.

என் ஓட்டு யாரும் கேட்காத இரண்டாம் மாடிக்கு. பூவேலை கிடையாது, ஜன்னல் சற்றுச் சிறியது, கூரை அளவான உயரம். தூங்குவதற்கென்றே கட்டிய தளம். தெருச் சத்தமும் ஒரு மாடி தள்ளி நிற்கிறது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஒரு எச்சரிக்கை: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஜன்னல் உரசும்போது அது தூளாக உதிரும். அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால், ஈயப் பெயின்ட் பற்றித் தெரிந்ததை வீட்டுக்காரர் வாடகைதாரரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாம் மாடிக்கும் ஒரு குறை உண்டு. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே கனத்த செங்கல் சுவர். அங்கே அடித்துக்கொண்டாலும் அவ்வளவாகக் கேட்காது. தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே மர விட்டமும் பலகையும்தான். ஒரே குடும்பத்துக்குள் எதற்குச் சத்தத்தைத் தடுப்பது என்று விட்டுவிட்டார்கள். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன், கூரைக்கடி அறையில் குடியிருப்பவர் இரவில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்று விசாரித்துவிடுவேன்.