கேட்டோ யூனிட்ராக்: சாப்பாட்டு மேசையில் ஒரு புக்கிட் தீமா

மாதிரி ரயில் அமைப்புகளைக் கையாலேயே கட்டுபவர்களிடையே, ஜல்லிப் படுகையோடு சேர்த்து வார்க்கப்பட்டு வரும் ஆயத்தத் தண்டவாளங்களைச் சற்று இளக்காரமாகப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஸ்லீப்பர் கட்டைகளை வரிசையாக ஒட்டி, அவற்றின்மேல் தண்டவாளத்தைத் தாமே பதித்துப் பழகியவருக்கு, பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கோத்துவிடக்கூடிய பிளாஸ்டிக் துண்டுகள் சிறுவர்களின் விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். ஜப்பானின் கேட்டோ நிறுவனம் தயாரிக்கும் யூனிட்ராக், அந்த இளக்காரத்துக்கு மிகுதியாக ஆளாகும் பொருள். ஆயினும், சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருந்துகொண்டு, கைவேலையையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு நிலையத்தை உருவாக்க நினைப்பவர் முதலில் வாங்கவேண்டியது இதைத்தான் என்பது, இதைக் கொண்டு ஓர் அமைப்பைக் கட்டிப் பார்த்த பிறகு நான் வந்தடைந்த முடிவு. இங்கே நான் பேசுவது 9 மில்லிமீட்டர் பாதை அகலம் கொண்ட என்-ஸ்கேல் வகையைப் பற்றி மட்டுமே.

நான் கட்டியிருப்பது புக்கிட் தீமா ரயில் நிலையம். 1932ஆம் ஆண்டில், தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்ட அதே காலத்தில் எழுந்த சிறிய செங்கல் கட்டடம் அது. உட்லண்ட்ஸிலிருந்து வரும் ஒற்றைப் பாதை அங்கே இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றுசேரும். எதிரெதிரே வரும் ரயில்களில் ஒன்று ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து செல்லும். அடுத்த ஒற்றைப் பாதைப் பகுதிக்குள் நுழைவதற்கான அனுமதியாக ஓட்டுநரிடம் டோக்கனைக் கையளிக்கும் முறை, 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் புறப்படும்வரை அங்கே நீடித்தது. மலாயாவின் ரயில் பாதைகளைப் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இருந்த பங்கை நினைத்தால், நம்மவர் ஒருவர் மாதிரி கட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான நிலையத்தை ஜெர்மானிய மலைச்சாரலில் தேடிப்போக வேண்டியதில்லை. சிங்கப்பூரில் கண்ணில் படுகின்ற மாதிரி அமைப்புகளில் பெரும்பாலானவை ஜப்பானிய நகரங்களாகவோ ஐரோப்பியக் கிராமங்களாகவோ இருப்பது எனக்குச் சற்று வருத்தம்தான்.

இடம்தான் முதல் சிக்கல். நிரந்தரமாக ஓர் அறையை ஒதுக்க முடியாத வீட்டில், அமைப்பு முழுவதையும் பிரித்து அலமாரியில் அடுக்க முடியவேண்டும். இதற்கு டி-டிராக் என்னும் பெட்டி முறை கைகொடுக்கிறது. யூனிட்ராக்கையே அடிப்படையாகக் கொண்டு உருவான இம்முறையில் ஒவ்வொரு பெட்டியும் 308 மில்லிமீட்டர் அகலம். அதன்மேல் வரும் தண்டவாளமோ 310 மில்லிமீட்டர், அதாவது 248 நீளத் துண்டு ஒன்றும் 62 நீளத் துண்டு ஒன்றும். பெட்டியைவிடத் தண்டவாளம் இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், பெட்டிகளைச் சேர்க்கும்போது மரத்துக்கு முன்பாகத் தண்டவாளம் தண்டவாளத்தைத் தொட்டுவிடும். அதிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில், ஒட்டுப்பலகை சற்றே உப்பினாலும் அந்த இடைவெளி அதை ஏற்றுக்கொள்கிறது. டி-டிராக்கின் இரட்டைப் பாதை விதியை நான் பின்பற்றவில்லை. அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒற்றைப் பாதையாகவே வைத்திருக்கிறேன். ஆகவே, மற்றவர்களுடைய பெட்டிகளோடு இதை நேரடியாக இணைக்க முடியாது. நண்பர்களோடு சேர்ந்து ஓட்ட விரும்புபவர்கள், 33 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட இரட்டைப் பாதையையே கைக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் ஆதாரமாக இருப்பது யூனிஜாய்னர் எனப்படும் இணைப்பான். தண்டவாள முனைகளைப் பிடிக்கும் உலோகப் பகுதியும், படுகைகளை ஒன்றோடொன்று கவ்வும் பிளாஸ்டிக் கூடும் ஒரே பொருளாக அமைந்திருக்கின்றன. மின் தொடர்பையும் நேர்கோட்டையும் ஒருசேர அது பார்த்துக்கொள்வதால், திரும்பத் திரும்பப் பிரித்துக் கோத்தாலும் மூட்டில் சக்கரம் தடுக்குவதில்லை. காலப்போக்கில் பிடி தளரும் இணைப்பானை மட்டும் உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். அவை தனியாகவே விற்கப்படுகின்றன. கையால் பதித்த தண்டவாளத்தைப் பெட்டியின் விளிம்பில் வெட்டி, வாரந்தோறும் பிரித்துச் சேர்க்கும் அமைப்பில் நேர்கோடு பிசகாமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று அறிந்தவர்கள் இந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டின் அருமையை உணர்வார்கள்.

ஒரு பாதையை இரண்டாகப் பிரிக்கும் பாயிண்ட்களைப் பொறுத்தவரை, கேட்டோவில் எண் 4, எண் 6 என இரு வகைகள் முக்கியமானவை. இரண்டுமே 15 பாகை கோணத்தில் பிரிபவை. எண் 4இன் வளைவு ஆரம் 481 மில்லிமீட்டர். எண் 6இனுடையது 718. இடம் மிச்சமாகும் என்பதற்காகப் பலர் எண் 4ஐ நாடுகிறார்கள். அதற்குப் பின் அதே ஆரமுள்ள வளைவு ஒன்றைச் சேர்த்தால் இரு பாதைகளுக்கும் இடையே கேட்டோவின் வழக்கமான 33 மில்லிமீட்டர் கிடைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் எண் 6ஐத் தேர்ந்தெடுத்தால் இடைவெளி 49 மில்லிமீட்டராகிறது. நடுவே ஒரு நடைமேடைக்கு ஓரளவு இடம் கிடைப்பதோடு, பாதை பிரியும் இடத்தில் ரயிலின் பெட்டிகள் வெடுக்கென்று திரும்பாமல் நிதானமாக விலகிச் செல்லும் அழகும் கிடைக்கிறது. 186 மில்லிமீட்டர் பாயிண்ட், அதே நீளத்தைப் பிடிக்கும் எதிர்வளைவு, அதன்பின் 248 மில்லிமீட்டர் நேர்த் துண்டு என்று கூட்டினால் சரியாக 620 வருகிறது. இரட்டை நீளப் பெட்டிக்கு வேண்டிய அளவும் அதுவே. இப்படி இருமுனைகளுக்கும் ஒவ்வொரு இரட்டைப் பெட்டி, நடுவில் ஓர் ஒற்றைப் பெட்டி என வைத்தால், ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும் நீளத்தில் புக்கிட் தீமாவின் கடக்கும் பாதை முழுவதும் அடங்கிவிடுகிறது.

எண் 6 பாயிண்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது எந்தப் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறதோ அந்தப் பாதைக்கு மட்டுமே மின்சாரத்தை விடும். இந்தக் குணம் பிடிக்காதவர்கள் உண்டு. எனக்கோ இதுதான் இப்பொருளின் சிறப்பு. நிலையத்துக்கு வெளியே, ஒற்றைப் பாதையில் மட்டும் மின் இணைப்பைக் கொடுத்துவிட்டால், ஒதுங்கி நிற்கும் ரயில் தானாகவே அசைவற்று நிற்கும். பாயிண்டை அதன் பக்கமாகத் திருப்பிய பிறகுதான் அது நகரும். டோக்கன் கைக்கு வராமல் புறப்பட முடியாத அந்தப் பழைய நடைமுறை, தனியாக எந்த மின்சுற்றும் இல்லாமல் மேசைமீது நடந்தேறுகிறது. பாயிண்டைத் திருப்பும் மின்காந்தச் சுருள் படுகைக்குள்ளேயே மறைந்திருப்பதால் பலகையைத் துளைத்துக் கீழே மோட்டார் பொருத்தும் வேலையும் இல்லை. அதே காரணத்தால், சுருள் பழுதானால் பாயிண்டையே பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும். அதைச் சுற்றி ஜல்லி ஒட்டும்போது இதை மறக்கக் கூடாது.

இனி, தோற்றம். இங்கேதான் யூனிட்ராக்கின் குறைகள் வெளிப்படையாகத் தெரிகின்றன. இதன் தண்டவாளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரம். ஜப்பானிய என்-ஸ்கேலின் 1:150 விகிதத்தில் அது 30 சென்டிமீட்டர் உயரமுள்ள தண்டவாளத்துக்குச் சமம். உண்மையில் இருப்பதோ ஏறத்தாழ அதில் பாதிதான். படுகையின் சரிவு ஒரே சீராக, அச்சில் வார்த்த பளபளப்போடு இருக்கிறது. பாதை அகலமும் பொருந்துவதில்லை. புக்கிட் தீமா வழியாக ஓடிய கேடிஎம் (மலாயா ரயில்வே) பாதை ஒரு மீட்டர் அகலம் கொண்டது. 9 மில்லிமீட்டரை 150ஆல் பெருக்கினால் 1,350 மில்லிமீட்டர் வருகிறது. 1:160இல் அதே 9 மில்லிமீட்டர், நம் எம்ஆர்டி பெருவிரைவு ரயிலின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு மிக நெருக்கமாக அமைந்துவிடும் என்பது ஒரு வேடிக்கை. எம்ஆர்டி நிலையம் கட்ட நினைப்பவர் இவ்வகையில் என்னைவிடக் கொடுத்துவைத்தவர். அகலக் குறையை நான் திருத்த முயலவில்லை, அதற்கு எல்லாவற்றையும் கையாலேயே செய்யவேண்டும். உயரமும் படுகையும் மட்டும் கைவேலைக்கு இணங்கி வருகின்றன.

எப்படியென்றால், கடைசிக் காலத்தில் இந்தப் பாதையில் ஜல்லி விளிம்புகளைச் செம்மண்ணும் புல்லும் மூடிக்கிடந்த இடங்கள் ஏராளம். யூனிட்ராக்கின் மிகப் பெரிய குறை, லாலாங் புல்லுக்கு அடியில் போய்விடுகிறது. முதலில் தண்டவாளத்தின் பக்கங்களுக்கும் ஸ்லீப்பர்களுக்கும் மங்கலான துருநிற வண்ணம் பூசி, அது காய்வதற்குள் சக்கரம் படும் மேற்பரப்பைத் துடைத்துவிட வேண்டும். தண்டவாளத்தின் வெள்ளிப் பளபளப்பு போனதுமே அதன் உயரம் கண்ணுக்குக் குறைந்துவிடுகிறது. பிறகு படுகையின் சரிவில் சல்லடையில் சலித்த நுண்ஜல்லியைத் தூவி, நீர்த்த வெள்ளைப் பசையில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, சொட்டுச் சொட்டாக விடவேண்டும். யூனிஜாய்னர்களின் அருகிலும் பாயிண்டின் நகரும் நாக்குகளின் அருகிலும் பசையே போகக் கூடாது. செம்மண்ணுக்குத் தோட்டக் கடை மண்ணை உலர்த்திப் பயன்படுத்தலாம். பூங்கா நிலத்திலிருந்து அள்ளுவது முறையன்று. நம் செம்மண்ணில் இரும்புச் சத்து மிகுதி. சலித்த மண்ணின்மீது ஒரு காந்தத்தை நன்றாக ஓட்டி எடுத்த பிறகே அதைத் தூவ வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துகள்கள் எஞ்சினின் மோட்டாரில் உள்ள காந்தத்தைத் தேடிப் போய்விடும். லாலாங்குக்கு, மின்னேற்றத்தால் நிமிர்ந்து நிற்கும் செயற்கைப் புல் நார்களில் 6 மில்லிமீட்டர் நீளமுள்ளவை சரியாக இருக்கின்றன. 1:150இல் அது 90 சென்டிமீட்டர் உயரப் புல். ஒரே பச்சையைத் தூவாமல், வைக்கோல் நிறத்தைப் பாதிக்குமேல் கலந்தால்தான் அது லாலாங் போலத் தெரியும். வெறும் பச்சை, கோல்ஃப் திடலைத்தான் நினைவூட்டும்.

நிலையக் கட்டடம், சாலைகளையும் கால்வாயையும் தாண்டிச் செல்லும் எஃகுப் பாலம், சமிக்ஞைக் கம்பங்கள் ஆகியவற்றை ஆயத்தமாக வாங்க எனக்குத் தெரிந்து வழியில்லை. பிளாஸ்டிக் தகட்டையும் பித்தளைக் கம்பியையும் வெட்டித்தான் செய்யவேண்டும். ஆயத்தத் தண்டவாளம் மிச்சப்படுத்திய பொறுமை முழுவதும் அங்கே தேவைப்படுகிறது. பாலத்தின் குறுக்குச் சட்டங்கள் மட்டுமே, தண்டவாளம் முழுவதையும் கையால் பதிப்பதைவிட அதிக உழைப்பைக் கேட்டன.

மின்சாரத்தில் ஓர் எச்சரிக்கை. ரயிலுக்குச் செல்வது அதிகபட்சம் 12 வோல்ட் நேர்மின்னோட்டம்தான் என்பதால் அந்தப் பக்கத்தில் கவலையில்லை. ஆனால் ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230 வோல்ட். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான கட்டுப்பாட்டுக் கருவியை வாங்குபவர்கள், அதன் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் செருகக் கூடாது. 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி கட்டாயம் தேவை.

மாற்றுப் பொருள்களில், பிரிட்டனின் பெக்கோ நிறுவனத்தின் வளையும் தண்டவாளம் தோற்றத்தில் யூனிட்ராக்கைத் தெளிவாக வெல்கிறது. அதன் கோட் 55 வகையில் தண்டவாளத்தின் அடிப்பகுதி ஸ்லீப்பருக்குள் புதைந்திருப்பதால் வெளியே தெரியும் உயரம் 1.4 மில்லிமீட்டர்தான், 914 மில்லிமீட்டர் நீளத் துண்டை விரும்பிய வளைவுக்கு வளைக்கலாம். பிரிக்கவே வேண்டாத அமைப்பு என்றால் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். இரண்டையும் கலக்க விரும்புபவர்களுக்கு, ஒரு முனையில் யூனிஜாய்னரும் மறுமுனையில் சாதாரண இணைப்பும் கொண்ட 62 மில்லிமீட்டர் மாற்றுத் துண்டைக் கேட்டோவே விற்கிறது. டோமிக்ஸின் ஃபைன் டிராக்கும் நல்ல தரம். ஆனால் அதன் இரட்டைப் பாதை இடைவெளி 37 மில்லிமீட்டர், நேர்த் துண்டு 280 மில்லிமீட்டர். டி-டிராக் கணக்கு அதில் நேரடியாக ஒத்துவராது.

வாங்கும்போது, வட்டப் பாதையோடு வரும் தொடக்கத் தொகுப்புகளைத் தவிர்க்கலாம். இத்தகைய அமைப்பில் அவற்றிலுள்ள வளைவுகள் அலமாரியிலேயே தங்கிவிடும். வேண்டிய நேர்த் துண்டுகளையும் எண் 6 பாயிண்ட்களையும் கணக்கிட்டுத் தனித்தனியாக வாங்குவதே சிக்கனம். வெளிநாட்டு இணையக் கடைகளின் விலையை உள்ளூர் விலையோடு ஒப்பிடுபவர்கள், 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி விதிக்கப்படலாம் என்பதையும், அது இப்போது 9 விழுக்காடு என்பதையும், அஞ்சல் செலவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பாயிண்ட்களை மட்டும், கடையில் நேரில் இயக்கிப் பார்த்து வாங்குவதையே நான் விரும்புகிறேன். மின்கம்பிகளுக்கும் இணைப்பிகளுக்கும் சிம் லிம் டவரும், வண்ணம், ஃபோம் பலகை போன்றவற்றுக்கு பிராஸ் பசா காம்ப்ளெக்ஸிலுள்ள ஆர்ட் பிரெண்ட் கடையும் போதுமானவை. ஒட்டுப்பலகையை 308, 618 மில்லிமீட்டர் அளவுகளில் கடையிலேயே இயந்திரத்தால் அறுத்து வாங்கிவிடுங்கள். வீட்டில் கைரம்பத்தால் அறுத்தால் செங்கோணம் பிசகும். பெட்டி கோணினால், யூனிஜாய்னர் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் பாதை நேராக வராது.