இரண்டு பேர் மட்டும் ஃபெசன்ட் வேட்டைக்குப் போனால்: லாட்ஜா, பாதி கைடா, நாமே நடையா?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்துக்கு ஃபெசன்ட் (கோழி இனத்துக் காட்டுப் பறவை) வேட்டைக்குப் போக நினைக்கும் ஜோடிக்கு முதலில் இடிப்பது பணம் இல்லை, தலைக்கணக்கு. அங்கே இந்தத் தொழில் நடத்துகிறவர்கள் போனை எடுத்ததும் கேட்பது "எத்தனை துப்பாக்கி?" என்பதைத்தான். நானும் வீட்டுக்காரரும், ரெண்டே பேர் என்றதும் எதிர்முனையில் உற்சாகம் வடிந்துவிடும். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஃபெசன்ட் சட்டென்று பறக்கிற ஜாதி இல்லை, ஓடுகிற ஜாதி. அதனால் ஆறேழு பேர் வரிசை கட்டி மக்காச்சோளக் காட்டுக்குள் நடந்து வர, மறுகோடியில் இன்னும் ரெண்டு மூன்று பேர் வழியை மறித்து நிற்பார்கள். ஓட இடமில்லாமல் போனபிறகுதான் பறவை எழும்பும். நிலம், வண்டி, சாப்பாடு எல்லாமே இந்தக் கணக்கில் ஓடுகிறது. ரெண்டு பேர் போனால் முன்பின் தெரியாத கூட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள், இல்லையென்றால் நாலு பேருக்கான காசைக் கட்டு என்பார்கள்.

லாட்ஜ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, கைடு, நாய், சுட்டதைச் சுத்தம் செய்து பாக்கெட் போட்டுக் கொடுப்பது வரை எல்லாம் அவர்கள் பாடு. மூன்று நாளுக்கு ஆளுக்கு ரெண்டாயிரம் டாலரில் ஆரம்பித்து மேலே போய்க்கொண்டே இருக்கிறது. ரெண்டு பேருக்கு என்றால் ஊருக்குப் போய்வர விமான டிக்கெட்டே எடுத்துவிடலாம். பெரிய நண்பர் கூட்டமாகப் போகிறீர்கள், செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றால் சரி.

அடுத்தது யார் தயவும் இல்லாமல் நாமே நடப்பது. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், ஏனென்றால் அந்த மாநிலத்தில் பொதுமக்கள் வேட்டையாடத் திறந்துவிட்ட நிலம் நிஜமாகவே ஏராளம். விவசாயிகளிடமிருந்து மாநில அரசு குத்தகைக்கு எடுத்து நடந்து போய்ச் சுட அனுமதிக்கும் 'வாக் இன்' நிலங்கள், மாநிலத்தின் சொந்த வேட்டை நிலங்கள், வாத்துக்காக மத்திய அரசு வைத்திருக்கும் நீர்நிலையோரங்கள் என்று அபர்டீன், ரெட்ஃபீல்ட், ஹ்யூரான் பக்கமெல்லாம் வரைபடத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். வாத்து நிலங்களில் ஈயக் குண்டு கூடாது, ஸ்டீல் மாதிரி நஞ்சில்லாததுதான். ஒரு ஃபெசன்ட் சேவல் தட்டுப்பட்டாலும் போதும் என்று நடக்கிறவர்களுக்கு இது சொர்க்கம். லைசென்ஸ், பெட்ரோல், மோட்டல் வாடகை, அவ்வளவுதான் செலவு.

ஆனால் ரெண்டு பேர், நாய் இல்லை என்றால் கணக்கு மாறிவிடுகிறது. எங்கள் முடிவே நாயை வைத்துத்தான் நடந்தது என்பதால் இதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்கிறேன். நாய் பறவையை எழுப்புவதற்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எழுப்புவது பாதி வேலைதான். சம்பங்கோரை ஆளுயரத்துக்கு நிற்கும் ஈரப் பள்ளத்தில் இறக்கையில் மட்டும் அடிபட்டு விழுந்த சேவல் விழுந்த இடத்தில் கிடக்காது. தரையைத் தொட்டதும் தலையைத் தாழ்த்திக்கொண்டு எலி மாதிரி புல்லுக்கடியில் ஓடிவிடும். எங்கள் கைடோடு நடந்த அன்று வீட்டுக்காரர் சுட்ட ஒன்று, நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த கோரைப் புதரில்தான் விழுந்தது. போய்ப் பார்த்தால் ரெண்டு இறகும் ஒரு சொட்டு ரத்தமும்தான். கைடின் கறுப்பு லாப்ரடார் மூக்கைத் தரையில் வைத்தபடி நாங்கள் தேடிய திசைக்கு நேர் எதிரே போய், வேலியோரம் உருட்டிவிட்டிருந்த வைக்கோல் கட்டுக்கு அடியிலிருந்து அதை உயிரோடு கவ்விக்கொண்டு வந்தது. நாய் இல்லாவிட்டால் அது நரிக்குத்தான் போயிருக்கும். கொன்றதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாத வேட்டையில் எனக்கு இஷ்டம் இல்லை. அதற்காக ஒரு நாயை வாங்கி, பழக்கி, வருஷம் முழுக்கத் தீனி போட்டு, அக்டோபரில் நாலு நாள் கூட்டிப்போவது என்பது அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு நடக்கிற காரியமா?

அதனால்தான் பாதி கைடு. ஒரு எச்சரிக்கை, இந்தப் பெயரில் ஆளுக்கு ஒன்று விற்கிறார்கள். சிலருக்கு அது கேட் சாவியும் கையால் வரைந்த ஒரு வரைபடமும் மட்டும். சிலருக்கு நிலமும் தங்க ஒரு பழைய பண்ணை வீடும். நாங்கள் பிடித்தது ஒரு விவசாயக் குடும்பம்: சொந்த நிலம், ரெண்டு நாய், ஒரு நாள் முழுக்க அவரே கூட வருவார், தங்குவதும் சாப்பிடுவதும் நம் பாடு. ஒரு துப்பாக்கிக்கு நாளுக்கு 200 டாலரைக் கொஞ்சம் தாண்டியது, டிப்ஸ் தனி. நாங்கள் ரெண்டே பேர் என்றதும் அவர் பெரிய வயல் பக்கமே போகவில்லை. அறுத்துவிட்ட ரெண்டு மக்காச்சோள வயலுக்கு நடுவே மழைநீர் வடிய விட்டிருந்த ஒல்லியான புல்வரிசைக்குக் கூட்டிப்போனார். அகலம் கம்மி, நாய் நடுவில், நாங்கள் ஆளுக்கொரு கரையில். ரெண்டு பேருக்கு ஏற்ற இடம் அதுதான். இன்னொரு இடம், வீட்டுக்குப் பின்னால் காற்றுத் தடுப்புக்கு நட்ட மரவரிசை. அவர் நாயோடு ஒரு முனையில் நுழைந்தார், நாங்கள் மறுமுனையில் நின்றோம்.

காசு கொடுத்ததில் எனக்கு அதிகம் பிரயோஜனப்பட்டது இந்தப் பாடம்தான். மறுநாளிலிருந்து நாங்களாகவே வாக் இன் நிலங்களில் நடந்தபோது பெரிய புல்வெளிகளை விட்டுவிட்டு ஒடுக்கமான மூலை முடுக்குகளை மட்டும் பார்த்து நடந்தோம், கோரைப் பள்ளத்தின் மேலே பறவை பறந்தால் சுடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். சுட்டது குறைவு, தொலைத்தது எதுவும் இல்லை. மொத்தச் செலவு ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு டாலருக்குள் அடங்கிவிட்டது.

காசு வாங்கிக்கொண்டு, வளர்த்த பறவையைத் திறந்துவிட்டுச் சுடவைக்கும் 'பிரிசர்வ்' என்று இன்னொன்று உண்டு. செப்டம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நடக்கும், அதற்கு லைசென்ஸே வேறு. முதல் தடவை துப்பாக்கி பிடிப்பவர்களுக்கு நல்லது என்கிறார்கள், நாங்கள் போகவில்லை. கான்சஸ் மாநிலத்துக்கும் நாங்கள் போனதில்லை. அங்கே ஆளுக்கு நாளுக்கு நாலு சேவல் வரை சுடலாம், தெற்கு டகோட்டாவில் மூன்று. நவம்பர் நடுவில் குளிர் தாங்காதவர்களுக்கு கான்சஸ் ஒத்துவரலாம், நான் நடந்து பார்த்ததில்லை.

வெளிமாநிலத்தவருக்கான சிறு விலங்கு லைசென்ஸ் (ஃபெசன்ட்டும் இதில்தான் வரும்) நூறு டாலருக்கு மேல், அதில் ஐந்து ஐந்து நாளாக ரெண்டு தவணை கிடைக்கும். விலங்கு, பறவைகளின் வாழிடத்தைப் பேணுவதற்கான 'வாழிட முத்திரை' என்று 25 டாலர் தனி. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் லைசென்ஸை முதலிலேயே வாங்கிவிடுங்கள்: குடியேற்றமல்லாத விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால்தான் விலக்கு. கிரீன் கார்டுக்கு இந்தத் தலைவலி இல்லை.

எப்போது போவது? சீசன் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை திறந்து ஜனவரி 31 வரை ஓடுகிறது. திறப்பு வாரம் வேண்டவே வேண்டாம். விலை அதிகம், கூட்டம் அதிகம், மக்காச்சோளம் பாதி அறுக்காமல் நிற்கும், பறவையெல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கும். நவம்பர் முதல் ரெண்டு வாரம் எங்களுக்குச் சரியாக இருந்தது. காலை 10 மணிக்கு முன் சுடக்கூடாது என்பதால் விடிகாலையில் எழ வேண்டியதில்லை. ரெண்டு பேராக நடப்பவர்களுக்கு நல்ல நேரம் சூரியன் இறங்கும் கடைசி ஒரு மணி நேரம், வயலில் மேய்ந்தவை படுக்கப் புல்லுக்குத் திரும்பும்.

முன்பணம் அனுப்பும் முன் மூன்று விஷயத்தை மெசேஜிலாவது எழுதி வாங்கிவிடுங்கள்: நாய் அவருடையதா, எத்தனை மணி நேரம் கூடவே இருப்பார், அன்றைக்கு வேறு ஆட்களை நம்மோடு சேர்ப்பாரா. மூன்றாவதுக்கு மழுப்பினால் அடுத்த நம்பரைப் பாருங்கள். சுத்தம் செய்யும்போது ஒரு காலை ஒட்டியே விட்டுவிடச் சொல்லுங்கள். வழியில் அதிகாரி நிறுத்தினால் அந்தக் கால் முள்ளைக் காட்டிச் சேவல் என்று நிரூபிக்கலாம், பெட்டையைச் சுட அனுமதி இல்லை.