என் கம்ப்யூட்டரில் இருந்த ஃபைலையே எனக்கு விற்றார்கள்: 9,840 ரூபாய் போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை கூரியர் பையன் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனான். 12 நாளைக்கு முன்னால் நானே அனுப்பிய கவர். நான் ஒட்டிய டேப்கூடப் பிரியாமல், 'கதவு பூட்டியிருந்தது' என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கவருக்குள் இருக்கும் தாளை அளந்து பார்த்துத்தான் என் பிரிண்டருக்கென்று தனியாகப் புரொஃபைல் (பேப்பரில் நிறம் சரியாக விழ வைக்கும் ஃபைல்) செய்தேன் என்று ஒருவர் என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார். பிரிக்காத கவரை எப்படி அளந்தார்?

போன மாதம் திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். படம் எடுத்தது நான்தான். சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு சின்ன ஆல்பம் வீட்டிலேயே பிரிண்ட் போட்டுக் கொடுக்கலாம் என்று ஆசை. வீட்டில் ஆறு கலர் இங்க் டேங்க் பிரிண்டர் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் வேலை செய்யும்போது அம்மாவின் மயில்கழுத்துப் பட்டு கண்ணைப் பறித்தது. பேப்பரில் வந்தது ஸ்கூல் யூனிஃபார்ம் ஊதா. அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது என் சேலையே இல்லடா" என்றாள்.

அப்போதுதான் அந்தக் கடை கண்ணில் பட்டது. சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து இங்க், ஃபோட்டோ பேப்பர் விற்கும் கடை. புகார் கொடுக்கப் போகிறேன், அதனால் பெயர் இங்கே வேண்டாம். ஃபோனில் பேசியவர் முக்கால் மணி நேரம் பொறுமையாக விளக்கினார்.

"அண்ணே, ஸ்கிரீன் தானா வெளிச்சம் விடுது. பேப்பர் மேல விழுற வெளிச்சத்தைத்தான் அது திருப்பிக் காட்டுது. ரெண்டும் தானா ஒத்துப்போகாது. நடுவுல ஒரு துபாஷி வேணும். அதுதான் ஐசிசி புரொஃபைல். பிரிண்டர், இங்க், பேப்பர் மூணுக்கும் சேர்த்துத்தான் அது. ஒண்ணு மாறினாலும் வேற புரொஃபைல் வேணும்ணே."

நான் விழுந்தது இங்கேதான். ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அன்று ராத்திரி தேடிப் படித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. பொய் சொல்லியிருந்தால் சுதாரித்திருப்பேன். நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கலர் கட்டங்கள் உள்ள ஒரு சார்ட்டை அனுப்புவாராம், நான் அதை பிரிண்ட் போட்டுக் கூரியரில் அனுப்ப வேண்டுமாம், அவர் ஒவ்வொரு கட்டத்தையும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற நிறம் அளக்கும் கருவியில் அளந்து எனக்கென்று ஃபைல் செய்வாராம். நிஜமாகச் செய்பவர்கள் செய்வதும் அதைத்தான்.

ஆறு பாட்டில் இங்க் 3,300. பேப்பர் 2,540. புரொஃபைல் 3,500. 'ஆயுள் முழுக்க சப்போர்ட்' 500. மொத்தம் 9,840 ரூபாய், முழுதும் முன்பணம். இங்க் வந்ததும், டேங்கில் மிச்சமிருந்த கம்பெனி இங்க்குக்கு மேலேயே ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது, இனி அதைப் பிரிக்க முடியாது.

திங்கட்கிழமை சார்ட்டைக் கூரியரில் போட்டேன். புதன்கிழமை சாயங்காலமே மெயிலில் புரொஃபைல் வந்துவிட்டது. என்ன வேகம் பார் என்று அந்தப் பக்கத்தில் 5 ஸ்டார் வேறு போட்டேன். கூரியர் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். தோன்றவே இல்லை.

ஃபைலின் பெயரில் என் பெயர் இருந்தது. ஆனால் ஃபோட்டோஷாப் பிரிண்ட் ஜன்னலில் வரும் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. கேட்டேன். "உங்க பிரிண்டர் மாடல் பேர்ல இருக்கும்ணே, அதை செலக்ட் பண்ணுங்க" என்றார். செய்தேன். சேலை பழையபடி ஊதா. அதோடு அப்பாவின் முகத்தில் ஒரு பச்சை, ஆஸ்பத்திரியில் இருந்து நேராக மணவறைக்கு வந்தவர் மாதிரி.

அப்புறம் ஆரம்பித்தது சாக்கு. முதல் நாள், "ஸ்கிரீன் வெளிச்சம் ஜாஸ்தி வச்சிருப்பீங்க அண்ணே." குறைத்தேன். உண்மையிலேயே அதிகமாகத்தான் இருந்தது. பிரிண்ட் இருட்டாக வருவதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம். ஆனால் பச்சைக்கு அது காரணமில்லையே! இரண்டாம் நாள், "டை இங்க் காய நேரம் எடுக்கும், 24 மணி நேரம் விட்டுப் பாருங்க." விட்டேன். காய்ந்த பச்சை. மூன்றாம் நாள், "ஹெட் கிளீனிங் போடுங்க சார்." அண்ணன் சாராகியிருந்ததை அப்போதே கவனித்திருக்க வேண்டும். இங்க் வரும் துளை அடைத்திருக்கிறதா என்று காட்டும் நாஸில் செக் தாளில் ஒரு கோடுகூட உடையவில்லை. இருந்தாலும் மூன்று தடவை கிளீனிங் போட்டு அத்தனை இங்க்கையும், வீணாகும் இங்க்கை உறிஞ்சும் வேஸ்ட் பேடுக்குத் தானம் செய்தேன்.

நான்காம் நாள், "நிறத்தை யார் நிர்வகிக்கிறாங்கன்னு பாருங்க, ரெண்டு இடத்துலயும் ஆன்ல இருந்தா கெட்டுப்போகும்." இதுவும் உண்மை. ஃபோட்டோஷாப் புரொஃபைல் போட்டு நிறத்தை மாற்றி அனுப்பும்போது பிரிண்டர் டிரைவரில் கலர் அட்ஜஸ்ட்மென்ட்டை அணைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே படத்துக்கு இரண்டு தடவை திருத்தம் விழும். நான் முதலிலேயே அணைத்துத்தான் வைத்திருந்தேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நான் போட்ட கமெண்ட்டையும் அழித்துவிட்டார்கள். அந்த 5 ஸ்டார் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இன்று காலை கவர் திரும்பி வந்த பிறகுதான் உட்கார்ந்து தோண்டினேன். ஃபோட்டோஷாப் அந்தப் பட்டியலில் காட்டுவது ஃபைலுக்கு நாம் வைக்கும் பெயரை அல்ல, புரொஃபைலுக்கு உள்ளே எழுதியிருக்கும் பெயரை. வெளியே என் பெயரை ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது மாறிவிடாது. உள்ளே இருந்தது, என் பிரிண்டர் டிரைவரோடு இலவசமாக வரும் கிளாஸி பேப்பர் புரொஃபைல். அவர் அனுப்பியதையும் என் கம்ப்யூட்டரில் முதலிலிருந்தே கிடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவு கடைசி பைட் வரை ஒன்று. என் வீட்டு ஃபைலுக்கு என் பெயரைப் போட்டு என்னிடமே 3,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்.

பச்சைக்கும் விடை கிடைத்துவிட்டது. அந்த ஃபைல் கம்பெனி இங்க்குக்கும் கம்பெனி பேப்பருக்கும் எழுதப்பட்டது. என் டேங்கில் இருப்பதோ இவர் கொடுத்த இங்க். "ஒண்ணு மாறினாலும் வேற புரொஃபைல்" என்று சொல்லிக்கொடுத்த அதே வாய்தான்! இன்னொன்று, சார்ட்டைப் பிரிண்ட் போடும்போது நிறத் திருத்தம் எதுவும் இல்லாமல் போட வேண்டும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அளக்கப் போகிறவர் முதலில் சொல்ல வேண்டியதே அதுதான்.

மத்தியானம் வேறொரு நம்பரில் இருந்து அழைத்தேன். எடுத்தார். கவர் திரும்பி வந்ததைச் சொன்னதும் இரண்டு நொடி சத்தமில்லை. "சார், டிஜிட்டல் சர்வீஸுக்கு ரீஃபண்ட் கிடையாது." சரி, இங்க்? "பாட்டில் ஓப்பன் பண்ணிட்டீங்களே சார்." பேப்பர்? வைத்துவிட்டார். 9,840 ரூபாய்.

யாரும் மாட்டாமல் இருக்க விவரமாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கையில் வந்ததை மட்டும் சொல்கிறேன். யாராவது புரொஃபைல் செய்து அனுப்பினால் உள்பெயரைப் பாருங்கள், சார்ட் போய்ச் சேர்ந்த தேதியைப் பாருங்கள். இருக்கிற இங்க்குக்கு மேல் வேறு இங்க் ஊற்றாதீர்கள். பேப்பர் கம்பெனி இணையதளத்தில் உங்கள் பிரிண்டருக்கு இலவசப் புரொஃபைல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், கம்பெனி இங்க்கே இருந்தால் பெரும்பாலும் அது போதும். பிரிண்ட் கொடுக்கும் முன் ஃபோட்டோஷாப்பில் ப்ரூஃப் கலர்ஸ் போட்டு, பேப்பரில் நிறம் எப்படி வரும் என்று திரையிலேயே பாருங்கள். சில மயில்கழுத்து நிறங்கள் எந்தப் புரொஃபைல் போட்டாலும் பேப்பரில் அப்படியே வராது, அது அங்கேயே தெரிந்துவிடும். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, பிரிக்காத கவரின் நாலு பக்கப் படம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பாட்டு நின்றுவிட்டது, யாரோ எடுத்துவிட்டார்கள்.