பழைய சூப்பர் ஹீரோக்களை வரிசைப்படுத்த முயன்ற ஏழு வருடம்

ஏழு வருடத்துக்கு முன்னால் சாதாரணமான ஒரு கேள்வியோடுதான் உட்கார்ந்தேன். 1938க்கும் 1950க்கும் நடுவில் அமெரிக்காவில் வந்த காமிக்ஸ் நாயகர்களில் அன்றைக்கு யாருக்கு மவுசு அதிகம்? ஒரு மாதத்தில் பட்டியல் போட்டு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இதுவரை நான்கு தடவை அடித்துத் திருத்தியாகிவிட்டது. இத்தனை வருடம் எதில் படித்தேன், எது உதவியது, எது ஏமாற்றியது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "மாயாவி எங்கே?" என்பதுதான். ராணி காமிக்ஸில் நாம் மாயாவி என்று படித்த ஃபேன்டம் 1936இல் நாளிதழ் தொடராகப் பிறந்தவர். அவரைச் சேர்த்தால் கணக்கே மாறிவிடும். பத்து சென்ட் கொடுத்து வாங்கிய காமிக்ஸ் இதழ்களில் பிறந்தவர்கள் மட்டும்தான் என் பட்டியலில்.

படிக்க இரண்டு வழி வைத்திருந்தேன். ஒன்று, ஆம்னிபஸ் என்கிற தடிமனான ஹார்ட்கவர் தொகுப்பு. இன்னொன்று, பதிப்புரிமை முடிந்த இதழ்களின் ஸ்கேன். டிஜிட்டல் காமிக் மியூசியம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பதிவு செய்துகொண்டு இறக்கிக்கொள்ளலாம்.

ஆம்னிபஸ்ஸில்தான் தொடங்கினேன். அச்சு அருமை. ஆனால் மடியில் வைத்துப் படித்தால் அரை மணியில் கால் மரத்துப்போகும். ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கிய முதல் பிரதி முனை நசுங்கி வந்தது. மாற்றித் தர மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். அதெல்லாம் சின்ன விஷயம். பெரிய சிக்கல் எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் உறைத்தது: சூப்பர்மேன் தொகுப்பில் சூப்பர்மேன் மட்டும்தான் இருப்பார். 1938இல் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 64 பக்கம். அதில் சூப்பர்மேனுக்குக் கிடைத்தது 13 பக்கம். மிச்சத்தில் மந்திரவாதி ஜடாரா, குதிரை வீரன், குத்துச்சண்டைக்காரன் என்று ஒரு கூட்டமே இருந்தது. அந்தக் கூட்டத்தை வெட்டிவிட்டுப் படித்தால், அவர் பிறந்த அன்றே ராஜாவாக இருந்ததுபோலத் தோன்றும்.

உண்மையில் அட்டையைப் பார்த்தால் கதை வேறு. முதல் இதழ் அட்டையில் காரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அடுத்த ஐந்து இதழ் அட்டைகளில் ஆளே இல்லை. ஏழாவதில் வருகிறார், பத்தாவதில், பதிமூன்றில், பதினைந்தில், பதினேழில் தலைகாட்டுகிறார். பத்தொன்பதாவது இதழிலிருந்து அட்டை அவருக்கே சொந்தம். பதிப்பாளருக்கு முதலில் நம்பிக்கை இல்லை. பையன்கள் கடையில் போய், "சூப்பர்மேன் வர்ற புக்கு குடுங்க" என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது என்பார்கள். பேட்மேனுக்கும் இதே கதைதான். டிடெக்டிவ் காமிக்ஸ் 27 (மே 1939), பிறகு 29, 31, 33; 35லிருந்து நிரந்தரம். சூப்பர்மேனுக்குப் பதினெட்டு இதழ் பிடித்தது, இவருக்கு எட்டே இதழ்! இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதிலிருந்து என் அளவுகோல் மாறிவிட்டது. யாருக்கு அட்டை, யாருக்கு முதல் கதை, யாருக்குத் தனி இதழ் என்று பார்க்கத் தொடங்கினேன். ஆல் ஸ்டார் காமிக்ஸில் ஜஸ்டிஸ் சொசைட்டி என்று நாயகர்களின் சங்கம் ஒன்று உண்டு. அதில் ஒரு வேடிக்கையான வழக்கம்: தனி இதழ் கிடைத்துவிட்டால், கௌரவ உறுப்பினர் என்று மாலை போட்டு வழியனுப்பிவிடுவார்கள். ஃப்ளாஷும் கிரீன் லான்டர்னும் அப்படித்தான் கிளம்பினார்கள். ஆகவே அந்தச் சங்கத்தில் யார் இருக்கிறார் என்பதைவிட யார் வெளியே போனார் என்பதுதான் மவுசுக்குச் சாட்சி.

வொண்டர் உமன் விஷயத்தில் நிஜமாகவே ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ஒரு பெண்ணை இந்தச் சங்கத்தில் சேர்க்கலாமா என்று வாசகர்களிடமே கேட்டார் பதிப்பாளர் கெய்ன்ஸ். முதலில் வந்த 1,801 பதில்களில் 1,265 பையன்களும் 333 பெண் பிள்ளைகளும் சேர்க்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் 197 பையன்கள், 6 பெண் பிள்ளைகள். சேர்த்துக்கொண்டார்கள், செயலாளராக! மற்றவர்கள் சண்டைக்குப் போக, இவர் குறிப்பு எழுத வேண்டும். படிக்கும்போது எனக்கே கோபம் வந்தது.

ஸ்கேன் பக்கம் வருகிறேன். மறுபதிப்புகளில் வழவழத் தாளில் நிறம் கண்ணைக் குத்தும். ஸ்கேனில் தாள் பழுத்து டீ நிறத்தில் இருக்கும், சிவப்பு கொஞ்சம் கோட்டைத் தாண்டி வழியும். ஒரு இதழின் அட்டை மூலையில் யாரோ ஒரு பையன் பென்சிலால் தன் பெயரை எழுதியிருந்தான். உள்ளே ஒரு பக்கத்தில் கூப்பன் இருந்த இடத்தில் கத்தரியால் வெட்டிய ஓட்டை. அதன் வழியாக அடுத்த பக்கத்து வில்லனின் கால் தெரிந்தது. கூப்பனை வெட்டி, தபால் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறான் என்றால் அந்த நாயகன் மேல் எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! இந்தச் சுகம் எந்த ஹார்ட்கவரிலும் கிடைக்காது.

குறையும் இருக்கிறது. சூப்பர்மேன், பேட்மேன், கேப்டன் அமெரிக்கா இதழ்களின் உரிமை இன்னும் நிறுவனங்களிடம் இருப்பதால் அவை அங்கே இல்லை. இலவசமாக முழு இதழாகக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் போட்டியில் தோற்றவர்களும் மூடிப்போன கம்பெனிகளும்தான். அங்கே மட்டும் படித்தால் ப்ளூ பீட்டிலும் பிளாக் டெரரும் உலகை ஆண்டதாக நினைத்துக்கொள்வீர்கள். ஒரு வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். ஜாக் கோல் வரைந்த பிளாஸ்டிக் மேன் மட்டும் விதிவிலக்கு. அவர் எந்தப் பட்டியலில் எங்கே இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, படித்துவிடுங்கள்.

சரி, வரிசை. முதல் இரண்டு இடத்தில்தான் ஏழு வருடமும் சண்டை. விற்பனையை மட்டும் பார்த்தால் 1944இல் கேப்டன் மார்வெல்தான் (இன்று ஷசாம் என்று சொல்லப்படுபவர்) ராஜா. அந்த ஒரு வருடத்தில் அவருடைய இதழ் சுமார் 1 கோடியே 40 லட்சம் பிரதி விற்றது. 1941இலேயே 12 பாகத் திரைத்தொடர் வந்துவிட்டது. சூப்பர்மேன் ஆள் நடித்த திரைத்தொடராக வந்தது 1948இல்தான். 25 அத்தியாயம் ஓடிய ஒரு கேப்டன் மார்வெல் கதையில் உலகத்தையே ஆட்டிப்படைக்கும் மாபெரும் வில்லன் ஒரு குட்டிப் புழு என்று தெரியும்போது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்தக் குறும்பு சூப்பர்மேனில் கிடையாது. ஆனால் சூப்பர்மேனுக்கு 1939இலிருந்து நாளிதழ்த் தொடர், 1940இலிருந்து வானொலி, 1941இலிருந்து கார்ட்டூன் படங்கள். காமிக்ஸ் தொடாதவர்களுக்கும் அவரைத் தெரியும். அதனால் அரை மனதோடு சூப்பர்மேன் முதலிடம், கேப்டன் மார்வெல் இரண்டாவது. கேப்டன் மார்வெல் தங்கள் நாயகனின் நகல் என்று சூப்பர்மேன் கம்பெனி போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1953இல் சமரசமாகி அவர் கடை சாத்தப்பட்டது வேறு கதை.

மூன்றாவது பேட்மேன், நான்காவது வொண்டர் உமன். இதில் எனக்குச் சந்தேகமில்லை. போர் முடிந்து சூப்பர் ஹீரோ இதழ்கள் வரிசையாகச் சரிந்தபோதும் இவர்கள் இருவரின் தனி இதழ்களும் சூப்பர்மேனோடு சேர்ந்து தாக்குப்பிடித்தன.

ஐந்தாவது இடம்தான் வேதனை. கேப்டன் அமெரிக்கா முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லர் முகத்தில் குத்து விட்டவர். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஒரு வருடம் முன்பே, 1940 டிசம்பரில், அந்த இதழ் கடைக்கு வந்துவிட்டது. கிட்டத்தட்ட பத்து லட்சம் விற்றது. போர் முடிந்ததும் அடிக்க ஆளில்லாமல் போனார். 1950இல் அவருடைய இதழ் நின்றபோது, அந்தக் கடைசி இதழில் திகில் கதைகள் மட்டும்தான். தலைப்பில் பெயர் இருக்கிறது, உள்ளே அவர் இல்லை. உச்சத்தை வைத்துப் பார்த்தால் அவர் மூன்றாவதுகூட வரலாம், நீடித்ததை வைத்துப் பார்த்தால் ஃப்ளாஷோடு சேர்த்து ஏழாவது எட்டாவதில் போட வேண்டும். என் நோட்டில் ஐந்தாவது வரியை மட்டும் இன்னும் பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: பத்து அங்குல டேப்லெட் இருந்தால் ஸ்கேனில் தொடங்குங்கள். எட்டு அங்குலத்தில் பேச்சுக் குமிழி எழுத்து தெரியாமல் பெரிதாக்கிப் பெரிதாக்கி விரல் வலித்தது. ஆம்னிபஸ் ஒன்றே ஒன்று போதும், அதுவும் தலையணை மேல் வைத்துப் படிக்க.