மொட்டை பிரேமிலிருந்து கோத்த சைக்கிள்: 5 வருடம் ஓட்டிய பின்

காசு மிச்சமாகும் என்று நினைத்து யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். எனக்கு எல்லாம் சேர்த்து 1,12,000 ரூபாய் ஆனது. அதில் கருவிகளுக்கு மட்டும் 14,000. இதே கியர் செட் போட்ட முழு சைக்கிளைக் கடையில் இதைவிடக் குறைவாக வாங்கி, அன்று மாலையே ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

2020 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்த சித்தப்பா மகன் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தான். உள்ளே சர்லி கம்பெனியின் கிராஸ்-செக், 56 சென்டிமீட்டர். பிரேமும், முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையான போர்க்கும் மட்டும்தான். இரண்டுமே 4130 குரோமோலி ஸ்டீல். வீட்டுத் தராசில் மூன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் காட்டியது. "இதுல டயர் எங்க?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஜூன் மாதம் ஆகிவிட்டது.

இந்த பிரேமைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் பின்பக்க அகலம். ரோடு சைக்கிளின் பின் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) 130 மி.மீ., மலை சைக்கிள் ஹப் 135. இவர்கள் நடுவில் 132.5 வைத்திருக்கிறார்கள். ஸ்டீல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதால் இரண்டில் எது கிடைத்தாலும் மாட்டலாம். உதிரி பாகம் எது எப்போது கிடைக்கும் என்று தெரியாத ஊரில் இருப்பவனுக்கு இது பெரிய ஆறுதல். சீட் போஸ்ட் 27.2, பாட்டம் பிராக்கெட் (மிதி அச்சு சுழலும் இடம்) 68 மி.மீ. பி.எஸ்.ஏ. மரை. எல்லாம் பழைய, எங்கும் கிடைக்கிற அளவுகள். சின்ன வயதில் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். ஓட்டிய நமக்கு அந்த மூன்று எழுத்துகள் சைக்கிளின் பெயராகத்தான் தெரியும். பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த கம்பெனியின் பெயர் அது. மரை அளவுக்கும் அதே பெயர்தான்: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை.

முதல் வேலை ஹெட்செட் கப்புகளை ஏற்றுவது. ஹேண்டில் திரும்புவதற்காகத் தலைக்குழாயில் உட்காரும் பேரிங்தான் ஹெட்செட். எனக்கு அதிகம் பயம் இருந்தது இதில்தான். சுத்தியலால் அடித்தால் கப் சாய்வாக இறங்கி, தலைக்குழாயின் வாய் விரிந்துவிடும், பிரேமே போச்சு. இதற்கென்று விற்கிற பிரஸ் நல்ல விலை. கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு பிரேமைத் தூக்கிக்கொண்டு போனேன். 12 மி.மீ. முழு மரைக் கம்பி ஒரு அடி, இரண்டு நட்டு, படி வைத்துக் கடைந்த இரண்டு இரும்பு வட்டு. அவ்வளவுதான் பிரஸ். பட்டறைக்காரர் சிரித்தார். "ஏனுங் தம்பி, பம்புக்குத்தான் இப்படி புஷ் ஏத்துவோம். சைக்கிளுக்குமா?" போர்க்கின் தோளில் உட்காரும் வளையமான கிரவுன் ரேஸுக்கு, 28.6 மி.மீ. ஸ்டீயரர் (போர்க்கின் மேல் குழாய்) உள்ளே போகிற அளவில் ஒரு குழாய்த் துண்டும் வெட்டிக் கொடுத்தார். கப் சரியாக உட்காரும்போது நட்டைத் திருப்பும் கைக்கே தெரிகிறது, சட்டென்று இறுகி நின்றுவிடும். 5 வருடத்தில் அந்த ஹெட்செட்டை இரண்டு முறை திறந்து கிரீஸ் மாற்றியதோடு சரி.

மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். கிராங்கும் (மிதி மாட்டும் கை) பாட்டம் பிராக்கெட்டும் இருந்த பார்சல் எங்கோ ஒரு கிடங்கில் மாட்டிக்கொண்டது. பிரேம் கூடத்தில் மின்விசிறிக் கொக்கியில் தொங்கியது. நான் அவசரக்காரன். அந்த இரண்டரை மாதம் கட்டிப்போட்டிருக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் என்பது, பார்சல் வந்த பிறகு நானே நடந்துகொண்ட விதத்தில் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த நாட்களில் செய்த முதல் காரியம், குழாய்களுக்குள் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) ஊற்றியது. ஸ்டீல் பிரேம் வெளியிலிருந்து துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிடிப்பது தெரியாது. பெயின்ட் கடையில் முன்பே வாங்கி வைத்திருந்த காய்ச்சிய எண்ணெயை ஒவ்வொரு குழாயிலும் விட்டு, பிரேமைத் திருப்பித் திருப்பி எல்லா இடத்திலும் படிய வைத்து, மிச்சத்தை வடித்துத் தொங்கவிட்டேன். காய்ந்து படலமாக ஒட்டிக்கொள்ளப் பல நாள் பிடிக்கும். "ஏங்க, இது எப்பக் காயும்? வீடே பெயின்ட் கடை மாதிரி நாறுது" என்று மனைவி தினமும் கேட்டாள். போன மாதம் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே தேன் நிறத்தில் படலம் அப்படியே இருக்கிறது.

பாட்டம் பிராக்கெட் மரையில் பெயின்ட் படிந்திருந்தது. அதைச் சுத்தம் செய்யும் டேப் (மரை வெட்டும் கருவி) விலை அதிகம், லேத்திலும் அந்த அளவு இல்லை. பழைய கியர் சைக்கிளில் கழற்றிய ஒரு ஜோடி இரும்பு கப் கிடைத்தது. அதன் மரைக்குக் குறுக்கே ஹாக்ஸா பிளேடால் மூன்று நான்கு வெட்டுப் போட்டால் அதுவே டேப் மாதிரி வேலை செய்யும். கிரீஸ் தடவி, அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. மறக்கக் கூடாத ஒன்று: செயின் பக்கம் இருப்பது இடது மரை. கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் ஏறும்.

பிறகு சக்கரங்கள். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஷிமானோ டியாக்ரா ஹப், 622 அளவு (டயர் உட்காரும் விட்டம், மி.மீ.) இரட்டைச் சுவர் ரிம், இரண்டு சக்கரத்துக்கும் 32 கம்பி, மூன்று குறுக்கு, அதாவது ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைத் தாண்டிப் போகும். பின் சக்கரத்தில் பல்சக்கரப் பக்கத்துக் கம்பி மற்றதைவிட 2 மி.மீ. குட்டை. அந்தப் பக்கம் ஹப் விளிம்பு நடுவை ஒட்டி இருப்பதால் கம்பி செங்குத்தாக நிற்கும், இழுவையும் அதிகம். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. கோத்தும் விட்டேன். ஆனால் கோட்டம் போகவில்லை. இடது பக்கம் எடுத்தால் வலது பக்கம் ஆடியது, இரண்டையும் எடுத்தால் சக்கரம் முட்டை வடிவமாகியது.

அடுத்த தெருவில் சைக்கிள் கடைக்கார அண்ணன் வீடு. கடை பூட்டியிருந்ததால் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடமாக முன்னால் 32, பின்னால் 40 கம்பி போட்ட பெரிய சைக்கிள் சக்கரங்களைக் கோத்த கை. முகக்கவசத்தோடு சக்கரத்தை வாங்கி, முதலில் கம்பிகளை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டார். எனக்கு வயிறு கலங்கியது. "சாவியக் கால் சுத்துக்கு மேல திருப்பாதீங் தம்பி. அவசரப்பட்டா கோட்டம் ஒளிஞ்சுக்கும்" என்றார். முதலில் மேடு பள்ளம், பிறகு பக்கவாட்டு ஆட்டம், நடுநடுவே பக்கத்துக் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் அழுத்தி முறுக்கு விடுவிக்க வேண்டும். அவர் அழுத்தும்போது "டிக், டிக்" என்று சத்தம் வரும். ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டி, ஒரு பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலிக்கும்வரை விடவில்லை. முன் சக்கரத்தை அவர் செய்யவில்லை, என்னைச் செய்யச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாலைகள் ஆயின. 17,000 கிலோமீட்டரில் இரண்டு முறைதான் கோட்டம் எடுத்தேன். ஒரு கம்பிகூட உடையவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் பார்சல் வந்தது. அன்று இரவே முடித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்து விடிகாலை மூன்று மணிவரை. இந்த 5 வருடத்தில் சைக்கிள் எனக்குக் கொடுத்த தொந்தரவு ஏறக்குறைய எல்லாமே அந்த ஒன்பது மணி நேரத்தில் செய்தவைதான்.

ஸ்டீயரர் குழாயை அன்றே அறுத்தேன். ஹேண்டில்பார் தாழ்வாக இருந்தால் பார்க்க அழகு என்று 10 மி.மீ. ஸ்பேசர் வளையம் மட்டும் விட்டு, ஹாக்ஸாவால் ஒரே அறுப்பு. முதல் நூறு கிலோமீட்டர் பயணத்திலேயே கழுத்து பிடித்துக்கொண்டது. அறுத்ததை ஒட்ட முடியாதே. மேல்நோக்கிச் சாய்ந்த ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறேன், சைக்கிள் கழுத்தைத் தூக்கிய கொக்கு மாதிரி நிற்கிறது. ஸ்பேசரை ஸ்டெம்முக்கு மேலே அடுக்கி இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு அறுத்திருக்கலாம்.

கியரிலும் ஒரு முட்டாள்தனம். கோத்தகிரி ஏற்றத்தை மனதில் வைத்து, பெரிய பல்சக்கரம் வேண்டுமென்று டியாக்ரா 4700 கியர் லீவரோடு 10 ஸ்பீடு டியோர் டிரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) வாங்கியிருந்தேன். இரண்டும் ஷிமானோ, இரண்டும் 10. ஆனால் ஒரு கிளிக்குக்கு லீவர் இழுக்கும் கேபிள் நீளமும் டிரெய்லர் எதிர்பார்க்கும் நீளமும் வேறு. ஒரு முனையில் சரிசெய்தால் நடுவில் குதிக்கும், நடுவில் சரிசெய்தால் முனையில் செயின் உரசும். இரவு ஒரு மணிவரை ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன். திருகினால் தீரும் விஷயமே அல்ல அது. 4700 வரிசை, அதற்கு முந்தைய 10 ஸ்பீடு ரோடு செட்டுகளோடுகூடச் சேராது. கடைசியில் அதே வரிசை நீளக் கூண்டு டிரெய்லரும் 11-34 பல்சக்கரமும் வாங்கினேன். முன்னால் 34 பல், பின்னால் 34 பல். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு அதுவே போதும். நிற்காமல் ஏறுவேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

பிரேக் டெக்ட்ரோ கேன்டிலீவர்: ரிம்மின் இரு பக்கக் கைகளையும் நடுவில் ஒரு கேபிள் மேலே இழுக்கும். முன் பிரேக் பிடித்தால் போர்க் முழுக்க ஆடும், மருதமலை இறக்கத்தில் பல் கிட்டிவிட்டது. கேபிளைத் தாங்கும் கொக்கியை ஹெட்செட்டுக்கு மேலே வைத்திருந்தேன். பிரேக் பிடித்ததும் போர்க் பின்னால் வளைகிறது, அதனால் கேபிள் இன்னும் இறுகுகிறது, பிரேக் இன்னும் கவ்வுகிறது, பிறகு வழுக்குகிறது. அதுதான் ஆட்டம். கொக்கியைப் போர்க்கின் கிரவுனிலேயே மாட்டியதும் நின்றது. கீச்சொலிக்கு, பிரேக் கட்டையின் பின்பக்கம் மடித்த பஸ் டிக்கெட்டை வைத்து, முன்முனை முதலில் ரிம்மைத் தொடும்படி இறுக்கினேன். மழையில் கேன்டிலீவர் சுமார்தான். இன்று கோர்ப்பதானால் டிஸ்க் பிரேக் பிரேமைத்தான் பார்ப்பேன்.

ஆனால் பெரிய அடி சீட் போஸ்ட்டில் விழுந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு "கிறீச்" ஆரம்பித்தது. பாட்டம் பிராக்கெட்தான் என்று இரண்டு முறை கழற்றி மாட்டினேன். எழுந்து நின்று மிதித்தால் சத்தம் இல்லை என்பதைக் கவனிக்க மூன்று வாரம் ஆனது. உட்கார்ந்தால் மட்டும் சத்தம் என்றால் அது சீட் பக்கம். போஸ்ட்டை உருவப் போனால் அசையவில்லை. அந்த இரவு உயரம் பார்ப்பதற்காகச் சும்மா செருகியது, கிரீஸ் இல்லாமல். ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியம், இடையில் மழைநீரும் வியர்வையும் இறங்கினால் அலுமினியம் அரித்துப் பூத்து, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நான்கு நாள் ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பயனில்லை. திரும்பவும் அதே லேத் பட்டறை. சைக்கிளைத் தலைகீழாக்கி, போஸ்ட்டின் தலையை வைஸில் கடித்து, பிரேமையே நெம்புகோலாக்கி இரண்டு பேர் திருப்பினோம். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், அதோடு விட்டது. பிரேமுக்கு ஒன்றுமில்லை, போஸ்ட் குப்பைக்குப் போனது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை உருவித் துடைத்து கிரீஸ் தடவுகிறேன்.

தேய்மானக் கணக்கு: செயின் 5, பல்சக்கரம் 2, பாட்டம் பிராக்கெட் 2, டயர் மூன்று ஜோடி. ஹப்பில் நம் ஊர் சைக்கிள் மாதிரியே கோனும் பால்ரஸும்தான். பின்னால் பக்கத்துக்கு ஒன்பது குண்டு, ஒவ்வொன்றும் கால் அங்குலம். இதை மட்டும் கடைக்கார அண்ணன் எந்தத் தயக்கமும் இல்லாமல் பிரித்துவிடுவார்.

டயர் அளவில் ஒரு எச்சரிக்கை. ஆனைகட்டி பக்கம் டயர் கிழிந்தபோது, கடையில் "28 இஞ்ச்" என்று கொடுத்தார்கள். அது பெரிய சைக்கிளின் 635, என்னுடையது 622. 13 மி.மீ. வித்தியாசத்தில் ரிம்மில் உட்காரவே இல்லை. டியூப் மட்டும் பயன்பட்டது. அதுவும் ரிம்மின் வால்வுத் துளை பெரியதாக இருந்ததால்தான் வால்டியூப் போட்ட பழைய வால்வு உள்ளே போனது. தெரியாமல் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. கிழிசலுக்கு உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து வீடு வந்து சேர்ந்தேன்.

கேரியர், மட்கார்டு சேர்த்து இப்போது 13.4 கிலோ. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்து மேற்கே போகும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும். கார்பன் சைக்கிள் நண்பர்கள் காத்திருந்து டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆனால் வழியில் யார் சைக்கிளில் சத்தம் வந்தாலும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

முன் ரிம்மின் பக்கச்சுவர் பிரேக் கட்டை உரசி உரசிக் குழிந்துவிட்டது. நேர் விளிம்பை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரிகிறது. இனி ஓட்டினால் சுவர் பிளக்கும். புது ரிம் வந்துவிட்டது. ஹப்பும் கம்பிகளும் பழையவைதான். மூன்று மாலைகள் ஒதுக்கியிருக்கிறேன். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.