பொம்பிளையளின்ர றெஸ்லிங்: டபிள்யூடபிள்யூஈயா, ஸ்டார்டமா?

கிளிநொச்சிப் பக்கம் றெஸ்லிங் பாக்கிற தங்கச்சியவை கனபேர் அமெரிக்காவின்ர டபிள்யூடபிள்யூஈ, ஜப்பானின்ர ஸ்டார்டம் எண்ட ரெண்டு றெஸ்லிங் கொம்பனியில எதைப் பாக்கிறது எண்டு கேக்கினம், அதுக்குத்தான் இது.

நேரம்
டபிள்யூடபிள்யூஈ: 2015 பெப்ரவரியில நாலு பொம்பிளையள் சோடி சோடியா மோதின டாக் மட்ச் அரை நிமிசத்தில முடிஞ்சுது, சனம் கொதிச்சுப்போச்சு, அடுத்த வருசம் பொம்பிளை வீரருக்கு வைச்சிருந்த டிவாஸ் எண்ட பேரையும் அந்தப் பேரில இருந்த சாம்பியன் பெல்ட்டையும் எடுத்துப்போட்டு மகளிர் பெல்ட் குடுத்தவை, 2019ல அவையின்ர வருசத்துப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 35ல பெக்கி, சார்லட், ரோன்டா எண்ட மூண்டு பொம்பிளையளின்ரதான் நிகழ்ச்சியை முடிச்ச பெரிய மட்ச். எண்டாலும் கிழமை நிகழ்ச்சியில இன்னும் நேரம் காணாது, எனக்கு அது சரியான கவலை.
ஸ்டார்டம்: ஜப்பான் கொம்பனி, முழுக்கப் பொம்பிளையள், முதல் மட்சும் கடைசி மட்சும் அவையின்ரதான்.

காட்டுற விதம்
டபிள்யூடபிள்யூஈ: பேச்சு, பகை, கதை.
ஸ்டார்டம்: அடி பலம், வருசா வருசம் லீக் வைச்சு ஆர் திறம் எண்டு பாக்கினம். பிறகு டபிள்யூடபிள்யூஈக்குப் போன இயோ ஸ்கை எண்ட வீராங்கனை அங்க வளந்தவதான்.

விளங்கிறது
டபிள்யூடபிள்யூஈ லேசு. ஸ்டார்டம் ஜப்பான் பாஷை, முழுசாப் பாக்கக் காசும் கட்டோணும்.

வீட்டுக்காரரோட இருந்து கதையாப் பாக்க டபிள்யூடபிள்யூஈ காணும். பொம்பிளையளை வீரரா மட்டும் பாக்கோணும் எண்டா ஸ்டார்டம்தான், என்ர தங்கச்சிக்கு நான் அதைத்தான் முதல்ல போட்டுக் காட்டுவன்.