சிறுபான்மையினரை மேலாகக் காப்பது எது: சுதந்திர வேளையில் வந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவா, 1978 யாப்பின் அடிப்படை உரிமைகளா?

சுதந்திர வேளையில் சிறுபான்மையினருக்குத் தரப்பட்ட பாதுகாப்பு வாக்கை இலங்கை காத்ததா என்பதை இவ்விரண்டும் காட்டும். ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது என்றது 29ஆம் பிரிவு. ஆயினும் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை அது தடுக்கவில்லை. அம்மக்களில் பலர் 1977 கலவரத்துக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறினர்.

1978 யாப்போ சமத்துவத்தை உரிமையாக்கி, மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் நேரே உயர் நீதிமன்றம் செல்ல வழி தந்தது. ஆனால் அந்நீதிமன்றம் இருப்பது கொழும்பில்; சொத்துரிமையோ அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலேயே இல்லை. 2017இல் முல்லைத்தீவின் கேப்பாப்புலவில், இராணுவம் பிடித்திருந்த சொந்தக் காணியைக் கேட்டு இராணுவ முகாமின் எதிரே, வெயிலிலும் மழையிலும் கொட்டிலில் இருந்த தாய்மார் நம்பியது தங்கள் போராட்டத்தையே.

என் மதிப்பில் 29ஆம் பிரிவே மேலானது: அதை மீறிய சட்டம் செல்லாது என்றிருந்தது; இன்றைய 1978 யாப்பின் கீழோ நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது.